என்னிடம் கேட்டுச் செய்தவர்களுக்கு

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்து டொக்டருக்கும் மிஸ்ஸிமாருக்கும், எங்கள் பகுதி மருத்துவமாது அக்காவுக்கும், என் மச்சாளுக்கும் இதை எழுதுகிறேன். பேர் போடவில்லை, வாசித்தால் உங்களுக்கே விளங்கும்.

நான் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவள். மூத்தவள் பிறந்த பிறகு அடுத்ததைக் கொஞ்சம் பொறுத்துப் பெறலாம் என்று வேறோர் இடத்தில் கேட்டபோது, "உங்களுக்கு எதுக்கு இன்னொரு பிள்ளை, ஒப்பரேஷனைச் செய்துபோட்டு இருங்க" என்றார்கள், வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. அந்தப் பேச்சையே பிறகு நான் எங்கும் எடுக்கவில்லை.

டொக்டர், எச்.ஐ.வி. குளிசை எடுக்க வந்த என்னிடம், பிள்ளை வேணுமா, இப்ப வேண்டாமா, என்ன யோசித்திருக்கிறீங்க என்று நீங்களாகவே கேட்டீர்கள். பிள்ளை தங்காமல் இருக்கக் கையில் வைக்கிற ஹோர்மோன் குச்சி ஐந்து வருடம் கிடக்கும் என்று கேள்விப்பட்டு அதைத்தான் நான் கேட்டேன். நீங்கள் உடனே சரி சொல்லவில்லை. நான் குடிக்கிற குளிசையில் எஃபாவிரென்ஸ் என்ற மருந்து இருக்கிறது, அது குச்சியில் இருந்து வருகிற ஹோர்மோனை உடம்பில் குறைத்துவிடும், குச்சி இருக்கும்போதே பிள்ளை தங்கலாம் என்றீர்கள். கர்ப்பத்தைத் தடுக்கிற டெப்போ ஊசிக்கு அந்தப் பிரச்சினை இல்லை, கர்ப்பப்பையில் வைக்கிற செம்பு லூப்பில் ஹோர்மோனே இல்லை, டொலுடெக்ராவிர் என்ற மற்ற எச்.ஐ.வி. மருந்தைக் குடிக்கிறவர்களுக்குக் குச்சியும் சரிவரும் என்று எல்லாவற்றையும் சொல்லிப்போட்டு முடிவை என்னிடம் விட்டீர்கள். நான் லூப்பை எடுத்தேன். தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தருகிற நாட்டில், அந்த விளக்கம் இல்லாமல் குச்சியை நம்பி இருந்திருந்தால் என் நிலைமை என்ன!

மருத்துவமாது அக்கா, யார் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் எல்லா வீட்டுக்கும் போகிற மாதிரியே என் வீட்டுக்கும் வந்தீர்கள், ஒரு காதுக்கும் விஷயம் போகவில்லை. லூப் இருக்கென்று கொண்டத்தை விட்டுடாத புள்ள, மற்ற நோய்களை லூப் தடுக்காது என்று சொன்னதும் நீங்கள்தான்.

அப்புறம், டொக்டர், நாங்கள் அடுத்த பிள்ளைக்கு ஆசைப்பட்ட நேரத்தில், இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் லூப்பைக் கழற்றினீர்கள். சின்னவனுக்குப் பிறந்ததில் இருந்தே மருந்து கொடுத்தீர்கள். அவனுக்குத் தொற்று இல்லை.

தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. போவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. எனக்கும் அது பெருமைதான். ஆனால் அப்படிப் போகாமல் தடுக்க அந்த நிறுவனம் சொல்கிற நான்கு வேலைகளில் விரும்பாத கர்ப்பத்தைத் தவிர்ப்பதும் ஒன்று. வயிற்றில் பிள்ளை வந்த பிறகு மட்டும் எங்களைத் தேடினால் போதாது. நீங்கள் அதற்கு முன்பே தேடினீர்கள்.

மச்சாள், படுவான்கரையில் இருந்து என்னோடு பஸ் ஏறி வந்து வெளி வாங்கிலில் பிள்ளையோடு காத்திருந்ததற்கு உனக்கு என்ன சொல்ல! என் மாதிரி யோசித்துக்கொண்டிருக்கிற தங்கச்சிமாருக்கும் சொல்கிறேன், அந்தக் கிளினிக்குக்குப் போகக் கடிதமும் தேவையில்லை, காசும் தேவையில்லை, பிள்ளை பற்றி நீங்கள் நினைத்திருப்பதை டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.