போர்ட்டலில் பெயர் ஏறினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் இணையப் பட்டியல்) வழியாக அணி மாறுவதை, உங்கள் கட்டுரை ஐபிஎல் ஏலம் போல வர்ணித்திருந்தது. அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் அது ஓரளவு பொருந்தும். டென்னிஸ், நீச்சல், தடகளம் என்று ஸ்காலர்ஷிப்பில் போகும் நம் பிள்ளைகள் சறுக்குவது வேறு இடங்களில்.

2018 அக்டோபரில் போர்ட்டல் வருவதற்கு முன், வேறு கல்லூரியின் கோச்சுடன் பேசவே பழைய கல்லூரியின் அனுமதி வேண்டும். இப்போது மாணவர் தன் கல்லூரியில் விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அதற்கான ஆன்லைன் பாடத்தை முடித்தால், இரண்டு வேலை நாட்களுக்குள் அவர்கள் பெயரை ஏற்றியாக வேண்டும். மாணவர் தானே ஏற்ற முடியாது. கோச்சிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் கெடு தாண்டிவிடும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் கெடு வேறு. அந்தக் கெடுவும் பெயர் கொடுப்பதற்குத்தான். புதிய கல்லூரியைத் தேர்ந்தெடுக்கக் கூடுதல் நாட்கள் உண்டு.

பெயர் ஏறியதும் நடப்பு செமஸ்டருக்குப் பிறகு பழைய கல்லூரி ஸ்காலர்ஷிப்பை நிறுத்தலாம். மனம் மாறித் திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. ஆகவே புதிய இடத்தின் ஸ்காலர்ஷிப் எழுத்தில் வரும்வரை "இடம் இருக்கு, வா" என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

கட்டுரை தொடாத பெரிய சிக்கல், பாடங்களை முடிக்கும்போது சேரும் கிரெடிட் புள்ளிகளின் கணக்கு. எத்தனை முறை மாறினாலும் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டியதில்லை என்று 2024 ஏப்ரலில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ விதியைத் தளர்த்தியது. ஆனால் படிப்பு நிபந்தனைகளை விடவில்லை. அதன் உயர்மட்டப் பிரிவான முதல் டிவிஷனில் மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டப்படிப்பில் 40 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். நான்காம் ஆண்டில் 60, ஐந்தாம் ஆண்டில் 80. 120 கிரெடிட் படிப்பில் 40 சதவீதம் என்றால் 48. இன்ஜினியரிங்கில் 60 கிரெடிட் முடித்த பெண் எகனாமிக்ஸுக்கு மாறுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய கல்லூரி அறுபதையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அந்தப் பட்டத்துக்குச் செல்லுபடியாவது 45 மட்டும். அது 37.5 சதவீதம். அட்மிஷன் கிடைக்கும், களத்தில் இறங்க முடியாது. "எத்தனை கிரெடிட்டை ஏற்பீர்கள்?" என்பதைவிட, "இந்தப் பட்டத்துக்கு எத்தனை சேரும்?" என்றுதான் கேட்க வேண்டும். அதுவும் கையெழுத்துப் போடும் முன்பே, எழுத்தில்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை. போர்ட்டலுக்கும், வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி அமெரிக்க அரசு வைத்திருக்கும் செவிஸ் பதிவுக்கும் சம்பந்தமே கிடையாது. பழைய கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகம் ஒரு தேதி குறித்துப் பதிவை விடுவிக்க வேண்டும். அதன் பிறகுதான் புதிய கல்லூரியின் கைக்கு அந்தப் பதிவு வரும். விடுவித்த தேதியிலிருந்து ஐந்து மாதத்துக்குள் அங்கே வகுப்பு தொடங்க வேண்டும். கோடை விடுமுறைக்குச் சென்னை வருபவர்கள் கவனிக்க: பதிவு கைமாறியபின் பழைய கல்லூரி கொடுத்த ஐ-20 என்ற சேர்க்கைச் சான்றைக் காட்டித் திரும்ப நுழையக் கூடாது, புதியது கையில் வேண்டும். 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரப் பணம் பெற என்சிஏஏ அனுமதிக்கிறது. ஆனால் எஃப்-1 மாணவரின் வேலைக் கட்டுப்பாடுகள் அதனால் தளரவில்லை. அப்படி ஒப்பந்தம் வந்தால், குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் முதலில் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நியூ ஜெர்சி