கோசிக் கரைக்குப் போகிறவனுக்கு

அன்புள்ள சபேசா,

இங்கே எல்லோரும் நலம். பொங்கலுக்கே எழுதியிருக்க வேண்டும், ஆடி பிறந்துவிட்டது. திட்டுவதை நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள். உனக்கு சுபௌல் மாவட்டத்துக்கு மாற்றல் என்று பட்டாபி சொன்னான். "பீகார்தானே, மேடு பள்ளம் இல்லாத ஊர், ஒரு மாசத்தில் பிடிபட்டுவிடும்" என்று நீ சொன்னாயாம். பயிர்க்கடன் பார்க்கப் போகிறவன் இந்த நினைப்போடு ரயிலேறக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அங்கே ஓர் ஆள் உயர வித்தியாசத்தில் பிழைப்பே மாறிவிடும். கங்கை மாநிலத்தை இரண்டாக வகுத்துக்கொண்டு மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. தெற்கே கயா பக்கம் ஆஹர் என்று ஏரி மாதிரி ஒன்று உண்டு: மூன்று பக்கம் கரை, நான்காவது பக்கம் நிலத்தின் சரிவே. மொகாமா தால் என்கிற தாழ்நிலத்தில் மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் நின்று, வடிந்தபின் அந்தக் களிமண்ணில் மசூர் பருப்பு விதைப்பார்கள். அது உனக்கு வேண்டாம், உன் வேலை வடக்கே. கண்டக், பாக்மதி, கமலா, கோசி, மகாநந்தா என்று இமயத்திலிருந்து இறங்குகிற ஆறுகள் எல்லாம் அங்கேதான் வருகின்றன. மாநிலத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,106 பேர் என்கிறது 2011 கணக்கெடுப்பு. இந்திய மாநிலங்களிலேயே அதுதான் அதிகம்.

கோசி நேபாளத்தில் சத்ரா என்ற இடத்தில் மலையை விட்டு வெளியே வருகிறது. சரிவு குறைந்ததும் சுமந்து வந்ததை இறக்கிவிடும்: முதலில் கல், பிறகு மணல், கடைசியில் வண்டல். இப்படித் தன் படுகையைத் தானே மேடாக்கிக்கொண்டு, பக்கத்தில் பள்ளம் கண்டால் அங்கே பாயும். சுமார் 250 ஆண்டுகளில் பூர்ணியா பக்கத்திலிருந்து 120 கிலோமீட்டர் மேற்கே தள்ளிப் போயிருக்கிறது. 1954-ல் நேபாளத்தோடு ஒப்பந்தம் போட்டு, பீம்நகரில் தடுப்பணையும் இருபுறமும் மண் கரையும் கட்டினார்கள். ஆறு நகர்வது நின்றது, மணல் வரத்து நிற்கவில்லை. அது இரண்டு கரைக்கும் நடுவிலேயே படிந்துகொண்டிருக்கிறது. பல இடங்களில் உள்பக்கத்து நிலம் வெளியே இருக்கிற வயலைவிட மேடு.

அதனால் வெளியே பெய்கிற மழை ஆற்றுக்குள் வடிவதில்லை. மதகுகள் மணலில் தூர்ந்துபோகின்றன. கரைக்கு அடியில் கசிவும் சேர்ந்துகொண்டு, 'பாதுகாக்கப்பட்ட பகுதி' என்று ஏட்டில் எழுதின நிலத்தில் மாதக்கணக்கில் தண்ணீர் தேங்கும். மாநிலம் முழுக்க 160 கிலோமீட்டராக இருந்த கரை 3,700-ஐத் தாண்டிவிட்டது. வெள்ள அபாயப் பரப்போ 25 லட்சம் ஹெக்டேரிலிருந்து 68.8 லட்சமாகப் பெருகியிருக்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இந்தக் கணக்கு ஆறவில்லை.

2008 ஆகஸ்ட் 18-ஆம் தேதியை அங்கே எவரும் மறக்கவில்லை. தடுப்பணைக்கு மேலே சுமார் 12 கிலோமீட்டரில், நேபாளத்துக் குசஹாவில் கிழக்குக் கரை உடைந்தது. கரை தாங்கும் என்று வடிவமைத்தது விநாடிக்கு 9.5 லட்சம் கன அடி. அன்றைக்கு ஓடியது 1.44 லட்சம்தான். பெருவெள்ளம் வந்து உடைக்கவில்லை, பராமரிப்பு இல்லாமல் உடைந்தது. ஆறு தன் பழைய வழிகளில் இறங்கி சுபௌல், மதேபுரா, அராரியா, சஹர்சா, பூர்ணியா என்று போனது. ஐம்பது வருஷமாக வெள்ளமே பார்க்காத ஊர்கள், படகுகூட இல்லை. முப்பது லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். இத்தனையும் குறைந்த நீர்வரத்தில் நடந்தது. ஆகவே "இந்த வருஷம் தண்ணீர் கம்மி சார்" என்று யாராவது சொன்னால் நிம்மதியாகிவிடாதே.

ஆடி, ஆவணியில் கரையோரம் போனால் வெளிச்சரிவின் அடியைப் பார். தெளிந்த நீர் கசிந்தால் கண்காணித்தால் போதும். கலங்கி, மணலோடு கொப்பளித்தால் கரையை உள்ளுக்குள் அரிக்கிறது என்று அர்த்தம். எலி வளை, நரி வளையில்கூட இது தொடங்கும். அதன் வாயை அடைத்தால் வேறு இடத்தில் கிளம்பும். மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே நீர்மட்டத்தை ஏறவிட வேண்டும். எதிர் அழுத்தம் வந்ததும் மணல் வருவது நிற்கும், தெளிந்த நீர் மட்டும் வழியும். உடனே பொறியாளருக்கும் தகவல் போக வேண்டும்.

இனி உன் தொழில். மனு வந்ததும் நிலம் கரைக்கு உள்ளேயா வெளியேயா, 2008 உடைப்பின் வழியிலா என்று முதலில் கேள். மண்வெட்டியால் ஒரு குழி போடச் சொல். வண்டல் என்றால் பொன் என்பது நம் டெல்டாக்காரர்கள் நினைப்பு; அங்கே பல வயலில் மேலே கிடப்பது வெறும் மணல். முழங்கால் ஆழத்துக்கு மணல் என்றால் நெல்லுக்குத் தண்ணீர் நிற்காது. தர்பூசணி, வெள்ளரி, பர்வல் என்கிற கொடிக்காய் வரும். தேங்குகிற பள்ளமாக இருந்தால் மக்கானா என்கிற நீர்ப்பயிருக்குக் கடன் கேட்பார்கள், மறுக்காதே. ஐப்பசி கார்த்திகையில் விதைத்துச் சித்திரையில் அறுக்கிற மக்காச்சோளம் வெள்ளத்துக்குத் தப்பும் பயிர்; பூர்ணியாவின் குலாப்பாக் சந்தையில் விலையும் உண்டு.

அளவில் ஏமாந்துபோகாதே. 20 தூர் ஒரு கட்டா, 20 கட்டா ஒரு பீகா. ஆனால் அளக்கிற லக்கிக் கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறும், பீகாவும் கூடவே மாறும். கோல் எத்தனை முழம் என்று கேட்டு ஏக்கருக்கு மாற்றிக்கொள்.

உழுகிறவர்களில் பலர் வாரக் குடியானவர்கள், பட்டாயி என்பார்கள். கையில் காகிதம் இருக்காது. காகிதம் இல்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டால் நீ அங்கே போனதற்கே பலனில்லை, சபேசா. ஆண்கள் பாதிப்பேர் பஞ்சாபில் நாற்று நட்டுக்கொண்டிருப்பார்கள். ஏழைகளுக்கென்று குறைந்த கட்டணத்தில் விட்ட முதல் கரீப் ரத் ரயிலே 2006-ல் சஹர்சாவுக்கும் அமிர்தசரஸுக்கும் நடுவில்தான் ஓடியது. தீபாவளிக்கு ஆறாம் நாள் சூரியனைக் கும்பிடுகிற சட் பூஜைக்கு ஊர் திரும்புவார்கள். வசூல், கையெழுத்து எல்லாம் அப்போது வைத்துக்கொள். மற்ற மாதங்களில் வீட்டுக் கணக்கு பெண்கள் கையில்.

மாற்றல் உத்தரவில் கிளையின் பெயர் இருக்கிறதா? எழுது. கரைக்கு எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் பார்த்துச் சொல்கிறேன். வீடு பார்க்கும்போது அடித்தளம் உயரமாக இருக்கிறதா, குழாயடியைச் சுற்றி மேடை கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடு. கமலாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வைத்தி