கைநாட்டு மட்டுமே ஒப்புதல் ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சமூக ஆய்வுகளில் 'ஒப்புதல் பெறப்பட்டது' என்ற ஒற்றை வரியோடு அறம் முடிந்துவிடுவதாகக் கருதும் போக்கு வருத்தமளிக்கிறது. நான் களப்பணியில் இருந்தபோது, படித்துக் காட்டப்படாத படிவத்தில் கைநாட்டு வைத்த மூதாட்டி ஒருவர், விரலில் மை காயும் முன்பே, "உதவித்தொகை எப்போது வரும்?" என்று கேட்டார், எதற்குச் சம்மதித்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. அமெரிக்காவின் ஹவசுபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வுக்கென 1990 முதல் அளித்த இரத்த மாதிரிகள், அவர்கள் அறியாமலே வேறு ஆய்வுகளுக்கும் பயன்படுத்தப்பட்டன. வழக்காடிய பிறகே, 2010-இல், எஞ்சிய மாதிரிகள் அவர்களிடம் திரும்பின. தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்களோ, தங்களை ஆய்வு செய்ய வருவோர் பின்பற்ற வேண்டிய நெறிமுறையை 2017-இல் தாங்களே வகுத்து வெளியிட்டனர். கேள்விகளை வகுக்கும்போதே மக்களை உடன் அமர்த்துவதும், அறிக்கையை அச்சுக்கு அனுப்பும் முன் அவர்கள் மொழியிலேயே வாசித்துக் காட்டுவதும் சமூகப்பணிப் பயிற்சியில் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

– களப்பணியாளர் ஒருவர்