மாட்டுத் தொழுவத்தில் தொடங்கிய இலக்கியம்

அன்புள்ள கண்ணம்மா,

ஆங்கில இலக்கியம் 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரிலிருந்துதானே ஆரம்பம் என்று போனில் கேட்டாயே, இல்லை. அவருக்கு ஏறக்குறைய 700 ஆண்டுகள் முன்பே அது தொடங்கிவிட்டது, அதுவும் லீட்ஸிலிருந்து நீ ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய விட்பியில்.

அந்தக் கடலோர ஊரில் 657-இல் ஹில்டா என்ற பெண் துறவி ஒரு மடம் நிறுவினார். ஆண் துறவிகளுக்கும் அவர்தான் தலைவி. அங்கே மாடுகளைப் பார்த்துக்கொண்டவர் கேட்மன். நமக்குப் பெயர் தெரிந்த முதல் ஆங்கிலக் கவிஞர் அவர்தான். விருந்துகளில் யாழ் கைமாறி வரும், ஆளுக்கொரு பாட்டுப் பாட வேண்டும். தன் முறை நெருங்கினால் கேட்மன் எழுந்து போய்விடுவார். வயதாகியும் பாடத் தெரியாது. அப்படிப் போய்த் தொழுவத்தில் படுத்த ஓர் இரவு, கனவில் ஒருவர் வந்து பாடச் சொன்னார். தெரியாது என்றார் இவர். படைப்பின் தொடக்கத்தைப் பாடு என்றார் வந்தவர். அதுவரை கேட்டிராத வரிகள் வந்தன.

கனவை நம்புவது உன் விருப்பம். எனக்குப் பெரிதாகப் படுவது மறுநாள் காலைதான். அரச குடும்பத்தில் பிறந்த ஹில்டா அந்த மாட்டுக்காரர் சொன்னதை முழுதாகக் கேட்டார். கற்றவர்களை அழைத்துப் பாடவைத்தார். பைபிள் பகுதி ஒன்றைச் சொல்லிப் பாட்டாக்கச் சொன்னார்கள், மறுநாளே பாட்டோடு வந்தார் கேட்மன். அவரைத் துறவியாக மடத்திலேயே சேர்த்துக்கொண்டார் ஹில்டா. போய் வேலையைப் பார் என்று அந்த அம்மா சொல்லியிருந்தால் கேட்மன் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

இதையெல்லாம் 731-இல் முடித்த தன் வரலாற்று நூலில் எழுதிவைத்தவர் பீட் என்ற துறவி. பாட்டின் கருத்தை மட்டும் லத்தீனில் தந்தார். படியெடுத்தவர்கள் பக்க ஓரத்திலும் கடைசிப் பக்கத்திலும் எழுதிச் சேர்த்ததால்தான் ஆங்கில மூலம் பிழைத்தது. ஒன்பதே வரிகள். நம் மோனை மாதிரி முதலொலி ஒன்றிவரும், இயைபு கிடையாது. சத்தமாகப் படி, பழைய ஆங்கிலம் என்பதால் பொருள் புரியாவிட்டாலும் தாளம் பிடிபடும்.

அதே பழைய ஆங்கிலத்தில் உள்ள பேவுல்ஃப் காவியம் தப்பிய கதை இன்னும் பதைப்பானது. 3182 வரிக்கு ஒரே கையெழுத்துப் பிரதி, 1731-இல் லண்டன் தீயில் ஓரம் கருகியது. அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

விட்பி குன்றில் இப்போது நிற்கும் இடிந்த சுவர்கள் ஹில்டா காலத்தவை அல்ல, பிற்காலத்தவை. பக்கத்தில் புனித மேரி ஆலய வளாகத்தில் கேட்மனுக்கு 1898-இல் வைத்த கல் சிலுவையைத் தவறாமல் பார். 199 படி ஏற வேண்டும். மேலே காற்று பலமாக அடிக்கும், கோட் போட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா