அரைமணி நேரத்தை முழுதாகத் தாருங்கள்: பி.பி.சி உலக சேவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பி.பி.சி உலக சேவையின் பணிப்பாளருக்கும் தமிழ்ப் பிரிவின் ஆசிரிய பீடத்தாருக்கும்,

வணக்கம். 2017 ஏப்ரல் 30ஆம் திகதி இரவு உங்கள் தமிழ் வானொலிச் சேவையான தமிழோசை தன் சிற்றலை ஒலிபரப்பை முடித்துக்கொண்டது. 1941 மே 3ஆம் திகதி தொடங்கிய சேவை அது. இன்னும் மூன்று நாள் பொறுத்திருந்தால் எழுபத்தாறு ஆண்டுகள் நிறைந்திருக்கும். அந்த முடிவை மாற்றும்படி கேட்க நான் இம்மடலை எழுதவில்லை. சிற்றலை பிடிக்கும் வானொலிப் பெட்டியை யாழ்ப்பாணத்துக் கடைகளில் இன்று தேடித்தான் காணவேண்டும் என்பது எனக்கும் தெரியும். அந்த எழுபத்தைந்து ஆண்டுகளில் பேசப்பட்டவற்றுள் உங்கள் களஞ்சியத்தில் எஞ்சியிருக்கும் ஒலிப்பதிவுகளை, அவை யாருக்காகப் பேசப்பட்டனவோ அந்த மக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். திறக்கும்போது துண்டு துண்டாக வெட்டித் தராமல், ஒவ்வொரு நாள் நிகழ்ச்சியையும் தொடக்க இசை முதல் விடைபெறும் சொல் வரை முழுதாகத் தரவேண்டும் என்றும் கேட்கிறேன். முழுமையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது நான் பள்ளிச் சிறுவன். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் அரிதாயிற்று; பற்றறி குடாநாட்டுக்குள் வரக்கூடாத பொருளாயிற்று. இரவில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி எரியும். சேர்ந்தாற்போல் இரண்டு பக்கம் படித்தால் கண் கரிக்கும். வானொலி கேட்பதற்கு எங்கள் ஊர் கண்ட வழி சைக்கிள். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லின் டயரில் டைனமோ உரசும்படி வைத்து, அதிலிருந்து வந்த வயரை வானொலிப் பெட்டியில் கொடுத்துவிட்டுப் பெடலைக் கையால் சுற்றவேண்டும். சுற்றும் கை தளர்ந்தால் லண்டனில் பேசுபவரின் குரலும் தளரும்; ஆவேசமாகச் சுற்றினால் பெட்டி கரகரக்கும். ஒரே சீராகச் சுற்றுகிற பிள்ளைக்கு அயலில் நல்ல பெயர் இருந்தது.

எங்கள் வீட்டில் அந்த அரைமணி நேரம் எனக்கும் தம்பிக்குமாக இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இரவு ஒன்பதேகாலுக்கு நிகழ்ச்சி தொடங்கும். முதற் கால்மணி நேரம், அதாவது செய்தியும் செய்தியாளர்களின் பெட்டகங்களும் போகும்வரை நான் சுற்றுவேன்; மிச்சத்தைத் தம்பி சுற்றுவான். ஆகவே முற்பகுதியை நான் மூச்சிரைத்தபடி பாதிதான் கேட்டிருக்கிறேன். பிற்பகுதியில் வந்த அறிவியல் விளக்கம், நூலொன்றைப் பற்றிய உரையாடல், ஒரு நாடகக் கலைஞரின் செவ்வி, நேயர் கடிதம் ஆகியவற்றைத் திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு முழுதாகக் கேட்டேன். தம்பிக்கு நேர்மாறு. இன்று அவன் அரசியல் பேசினால் நிறுத்தமாட்டான். நான் புத்தகக்கடையில் வேலை செய்கிறேன். இதற்கும் பெடலுக்கும் தொடர்பு உண்டென்று அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் அம்மா அப்படித்தான் நம்புகிறார்.

பெட்டியைச் சுற்றி எங்கள் வீட்டார் மட்டும் இருப்பதில்லை. வேலிப்பொட்டு வழியாக அயலவர் பத்துப் பதினைந்து பேர் வந்துவிடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் செய்திக்காக வந்தவர்கள். நூல் விமர்சனம் கேட்கவென்று யாரும் இருட்டில் நடந்து வரவில்லை. எனினும் செய்தி முடிந்ததும் எவரும் எழுந்து போனதில்லை. சண்டை எங்கே நடக்கிறது என்று கேட்க வந்த ஒரு முதியவர், அதே இருப்பில் விண்கலம் ஒன்றைப் பற்றியும் தமிழ்நாட்டுக் கிராமமொன்றின் தெருக்கூத்தைப் பற்றியும் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவார். கேட்க வந்தது ஒன்று, கேட்டுப் போனது நான்கு. ஓர் ஆசிரியர் முன்யோசனையோடு அடுக்கிக் கோத்த நிகழ்ச்சிக்கே அந்த ஆற்றல் உண்டு. இன்று கைபேசியில் எனக்கு வந்து சேரும் தமிழ்ச் செய்திகள், உங்களுடையவை உட்பட, நல்லவையாகவே இருக்கின்றன. ஆனாலும் அவை தனித்தனியாக வருகின்றன; நான் ஏற்கெனவே தேடியதைப் போன்றவையே மேலும் மேலும் வருகின்றன. அந்த முதியவருக்கு இன்று ஒரு கைபேசி கிடைத்திருந்தால் அதில் தெருக்கூத்து வந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே.

அடுக்கில் இன்னொரு நுட்பமும் இருந்தது. ஒரே நிகழ்ச்சிக்குள் கொழும்பும் சென்னையும் பேசின. பாக்கு நீரிணையின் இழுவைப்படகுப் பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். இராமேசுவரத்து மீனவர் கைதாகித் தவிக்கும் செய்தி தமிழ்நாட்டு ஊடகங்களில் வரும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வலை அறுபட்டு, கடலடி வழிக்கப்பட்டு, வருமானம் இழந்த மீனவரின் முறையீடு எங்கள் பத்திரிகைகளில் வரும். ஒரு கரையின் பேச்சு மறுகரைக்கு முழுதாகப் போய்ச் சேருவதில்லை. இருதரப்பையும் ஒரே இரவில், ஒரே தமிழில், ஆனால் இருவேறு பேச்சுவழக்கில் கேட்கும் வாய்ப்பைத் தமிழோசை தந்தது. இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடி மீன்பிடியைத் தடைசெய்யும் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது 2017 யூலையில். உங்கள் ஒலிபரப்பு நின்றது அதே ஆண்டு ஏப்ரலில். அந்த வாதத்தின் மிக முக்கியமான கட்டம் வந்தபோது இரு கரையும் சேர்ந்து கேட்டுப் பழகிய அந்த அரைமணி நேரம் இல்லாமற் போயிருந்தது. நாளைக்கு இந்தப் பிரச்சினையின் வரலாற்றை எழுதும் ஓர் ஆய்வாளர், மீனவரின் குரல் துணுக்கை மட்டும் கேட்டால் போதாது. அதற்கு முன்னால் யார் பேசினார், பின்னால் யார் மறுத்தார், அன்றைய செய்தி வரிசையில் அது எத்தனையாவதாக வைக்கப்பட்டது என்பதும் அவருக்கு வேண்டும். வெட்டிய துண்டில் அது கிடைக்காது.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். 1996ஆம் ஆண்டு இலங்கை அரசு கடிகாரத்தை முன்னே தள்ளியது. முதலில் ஒரு மணித்தியாலம், சில மாதங்களின் பின் அதில் அரைமணியைக் குறைத்தது. 2006 ஏப்ரல் வரை அது நீடித்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியிலோ பழைய நேரமே புழங்கியது. அப்போது நாங்கள் இராணுவக் கட்டுப்பாட்டிலிருந்த யாழ்ப்பாணத்தில் இருந்தோம். பெரியம்மா குடும்பம் வன்னியில் இருந்தது. எங்கள் மணிக்கூட்டில் ஒன்பதே முக்காலுக்கும் அவர்களுடையதில் ஒன்பதேகாலுக்குமாக ஒரே கணத்தில் ஒரே குரல் வந்தது. கடிதம் போய்ச்சேர மாதக்கணக்காகும், தொலைபேசி கிடையாது, பாதை பூட்டியிருக்கும். இந்த நேரத்தில் அவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது மட்டுமே எங்களிடம் இருந்த தொடர்பு. வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. தமிழோசை ஒலிபரப்பாளர்களான ஆனந்தி சூரியப்பிரகாசத்தின் குரலோ சங்கர் அண்ணாவின் குரலோ பெட்டியில் எழுந்ததும் அம்மா தன் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். எனக்கு அதன் காரணம் விளங்கப் பல ஆண்டுகள் பிடித்தன.

இப்போது களஞ்சியத்திற்கு வருகிறேன். ‘தமிழோசை’ என்ற பெயரை உங்கள் சேவைக்குச் சூட்டியவர் சோ. சிவபாதசுந்தரம். பாரதியின் ‘தேமதுரத் தமிழோசை’ என்ற தொடரிலிருந்து அதை எடுத்த அவர் எங்கள் ஈழத்தவர். ‘ஒலிபரப்புக் கலை’ என்ற நூலையும் எழுதியவர். அவரது எழுத்தைப் படித்திருக்கிறேன், குரலைக் கேட்டதில்லை. உலகப் போர்க்காலத்தில் ஜோர்ஜ் ஓர்வெல் உங்கள் கீழைத்தேயப் பிரிவில் பணியாற்றியபோது ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்த செய்தி மடல்கள் தமிழாக்கப்பட்டும் வாசிக்கப்பட்டன. ஆங்கில மூலங்கள் அச்சேறியிருக்கின்றன. தமிழில் அவற்றை வாசித்தவர்களைப் பற்றி நாங்கள் அறிந்தது மிகக் குறைவு. அந்நாளைய நேரடி ஒலிபரப்புகளில் பலவும் பதிவே செய்யப்பட்டிராது என்பது விளங்குகிறது. நாடா மலிந்த பிற்காலத்தைப் பற்றித்தான் பெரிதும் கேட்கிறேன். என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஆண்டுவாரியாக ஒரு பட்டியலை வெளியிடுவதே முதற்படியாக அமையட்டும். இல்லாததை இல்லை என்று தெரிந்துகொள்வதும் எங்களுக்குப் பயன்படும்.

இது உங்களால் இயலாத காரியமில்லை. 2018ஆம் ஆண்டு 16,000க்கும் மேற்பட்ட ஒலிக்குறிப்புகளைத் தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும் ஆய்வுக்குமாக இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டவர்கள் நீங்கள். அதில் கதவு கிறீச்சிடுவதையும் ரயில் புறப்படுவதையும் நான் கேட்டு மகிழ்ந்திருக்கிறேன். கதவுக்கும் ரயிலுக்கும் கிடைத்த இடம், எங்கள் நாட்டின் மிகக் கொடிய முப்பதாண்டுகளைப் பற்றிப் பேசிய மனிதருக்கும் கிடைக்கலாகாதா?

தடைகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. நிகழ்ச்சிகளில் இடம்பெற்ற திரையிசைக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அத்தகைய நாள்களில் பாட்டு வந்த இடத்தை மௌனமாக விட்டு, எத்தனை விநாடி விடப்பட்டது என்று குறித்தால் போதும். உரிமையைவிடப் பெரிய கேள்வி பேசியவர்களின் பாதுகாப்பு. போர்க்காலத்தில் தன் ஊரையும் பெயரையும் சொல்லி ஒரு தாய் உங்களிடம் பேசியிருப்பார். அன்றிரவோடு காற்றில் கரைந்துவிடும் என்று நம்பிப் பேசிய பேச்சு, யாரும் எப்போதும் தேடி எடுக்கக்கூடிய ஆவணமாவதை அவர் இன்று விரும்பாதிருக்கலாம். இந்த ஒன்றில் மட்டும் முழுமை வேண்டும் என்ற என் பிடிவாதத்தைத் தளர்த்தத் தயாராயிருக்கிறேன். அப்படிப்பட்ட நாள்களை இணையத்தில் போடாமல், நூலகத்தில் நேரில் வந்து கேட்பவர்க்கு மட்டும் என்று ஒதுக்கலாம்.

பிரதிகளை எங்கே வைப்பது என்று கேட்டால், இரு கரையிலும் வைக்கவேண்டும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் எண்ணிமப்படுத்தி வரும் நூலக நிறுவனம் இருக்கிறது. ஒலிப்பதிவுகளைப் பேணும் அனுபவமும் அதற்கு உண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகத்திலும் ஒரு பிரதி இருக்கவேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் கிடைத்தற்கரிய ஏட்டுச்சுவடிகளோடும் எரிக்கப்பட்ட நூலகம் அது. எதையும் ஓரிடத்தில் மட்டும் வைக்கக்கூடாது என்பதை அந்த ஊர்க்காரனுக்கு எவரும் எடுத்துச்சொல்லத் தேவையில்லை. லண்டனுக்கும் அது பொருந்தும்.

உங்களிடம் இல்லாத நாள்கள் எங்களிடம் இருக்கக்கூடும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். அப்பா முக்கியமென்று நினைத்த நிகழ்ச்சிகளைக் கசெற்றில் பதிந்து வைத்தார். ஆண்டில் இரு தடவை அலைவரிசை மாறும்போது புதிய எண்ணைக் கலண்டரின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பதும் அவரே. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, இராணுவம் முன்னேறி வர, யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமமே கிளம்பிக் கிழக்கே தென்மராட்சி நோக்கி நடந்தபோது, மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்த எங்கள் சைக்கிளில் அரிசியும் உடுபுடைவையும் வானொலிப் பெட்டியும் இருந்தன. கசெற்றுகள் அலுமாரிக்குள் நின்றுவிட்டன. ஆறுமாதம் கழித்துத் திரும்பியபோது அலுமாரியே இல்லை. அதன்பின் அவர் பதிந்தவற்றில் பதினொன்று என்னிடம் இருக்கின்றன. இரண்டில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. ஒன்றின் மேல் ‘அறிவியல், பழைய நேரம் 9.15’ என்று எழுதியிருக்கிறார். போட்டுப் பார்த்தால் அதில் பாதிக்குமேல் மழைச் சத்தமும் தம்பி இருமுவதும்தான் கேட்கிறது. மற்றவற்றில் குரல்கள் தெளிவாகவே இருக்கின்றன. இவ்வாறு பதிந்து வைத்தவர்கள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழ்நாட்டிலும் இன்னும் இருப்பார்கள். நேயர்களிடமிருந்து பதிவுகளைச் சேகரிக்க ஒரு முகவரியை அறிவியுங்கள்; நாடாவுக்கும் ஆயுள் உண்டென்பதால் சற்று விரைவாகவே அறிவியுங்கள். என் பதினொன்றையும் பூஞ்சணம் பிடித்தவை உட்பட நான் அனுப்பிவைக்கிறேன். பிரதி எடுத்தபின் மூலத்தைத் திருப்பித் தரவேண்டும். அப்பாவின் கையெழுத்து அவற்றின் மேல்தான் இருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் பழைய நேயர்,
யாழ்ப்பாணம்.