படங்கை விரித்து எங்கள் பிள்ளைகளைக் காத்த அக்காமார்களுக்கு

தலவாக்கலைத் தேயிலைத் தோட்டத்து அன்புள்ள அக்காமார்களுக்கும், அந்த நாட்களில் எங்களுக்குத் துணைநின்ற எல்லோருக்கும்,

இந்தக் கோடை விடுமுறைக்கு எதிர்வீட்டுக் குடும்பமும் நாங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இலங்கை மலையகத்துக்கு வந்தோம். கண்டியிலிருந்து நானுஓயா, அங்கிருந்து எல்ல வரை ரயிலிலேயே போவதாகத் திட்டம். ஊர் திரும்பியதிலிருந்து பயணம் எப்படி இருந்தது என்று யார் கேட்டாலும் எங்கள் வாயில் முதலில் வருவது நீங்கள்தான். நேரில் சொன்ன நன்றி போதவில்லை. நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். "பேரெல்லாம் எதுக்குங்க" என்று நீங்கள் சொல்லிவிட்டதால் பெயர்களை விட்டுவிட்டோம்.

தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் அன்று காலை நடந்துகொண்டிருந்தோம். பிள்ளைகள் எங்களுக்குக் கொஞ்சம் முன்னால். மேலே சரிவில் நீங்கள் நிரை பிடித்துக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தீர்கள். திடீரென்று பிள்ளைகளின் அலறல். என்ன ஏது என்று எங்களுக்குப் புரிவதற்குள் உங்களுக்குப் புரிந்துவிட்டது. "குளவி! குளவி!" என்று கத்திக்கொண்டே கூடையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கி ஓடி வந்தீர்கள். "கைய வீசாத புள்ள, குப்புறப் படு!" என்று ஒரு அக்கா போட்ட சத்தம் இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. இடுப்பில் கட்டியிருந்த தடித்த துணியான படங்கை அவிழ்த்துப் பிள்ளைகள் மேல் போர்த்தி, அதன் மேல் நீங்களே கவிழ்ந்து படுத்துக்கொண்டீர்கள். பிடரியிலும் முழங்கையிலும் கொட்டு வாங்கியபடி, அடியில் அழும் பிள்ளையிடம் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, போயிரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். பெற்றவர்கள் நாங்கள் பத்தடி தூரத்தில் நின்றிருந்தோம். அந்தப் பத்தடியை எங்களுக்கு முன்னே கடந்தவர்கள் நீங்கள்.

எங்கள் மகளுக்குக் கையில் மட்டும் கொட்டு. எதிர்வீட்டுப் பையனுக்குத்தான் உடம்பு ஏற்கவில்லை. உதடு வீங்கியது, மேலெல்லாம் தடிப்பு, குரல் கம்மிப்போய் மூச்சு இழுத்தது. குளவி விஷம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு சில நிமிடங்களிலேயே ரத்த அழுத்தம் இறங்கி மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும் என்று பிறகு மருத்துவர் விளக்கினார். அப்போதோ அவன் அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. உங்களில் ஒருவர்தான் 1990 என்ற ஆம்புலன்ஸ் எண்ணுக்குக் கூப்பிடச் சொன்னீர்கள். மறுமுனையில் தமிழிலேயே பேசினார்கள். எந்தத் தோட்டம், எந்தத் திருப்பம் என்று எங்களால் சொல்ல முடியாததை நீங்கள் போனை வாங்கிச் சொன்னீர்கள்.

அந்த 'சுவசெரிய' ஆம்புலன்ஸ் சேவை 2016-இல் இந்திய அரசின் நன்கொடையில் தொடங்கியது, பிறகு இலங்கை முழுக்கப் பரவியது, கட்டணம் கிடையாது. இதெல்லாம் எங்களுக்குப் பிற்பாடு தெரிந்தது. தோட்டத்துக் குறுக்குப் பாதையில் அந்த வண்டி ஏற முடியாது என்பதால், பையனை மடியில் படுக்க வைத்து மெயின்ரோடு வரை இறக்கியது ஆட்டோ அண்ணன். அந்தக் கரடு முரடில் அவர் ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டினார் என்றால் நம்ப மாட்டீர்கள். ஆம்புலன்சில் வந்த தம்பி தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார். ஆஸ்பத்திரி வருவதற்குள் பையன் அம்மாவை அடையாளம் கண்டு பேசினான். விட்டுப்போன அறிகுறி திரும்ப வரலாம் என்று இரவு முழுக்க வார்டில் வைத்திருந்தார்கள். மணிக்கொரு தரம் வந்து பார்த்த நர்ஸ் அக்கா, தமிழ் தெரியாவிட்டாலும் அவனைச் சிரிக்க வைக்க வழி கண்டுபிடித்த அந்த இளம் டாக்டர், உங்கள் இருவருக்கும் எதிர்வீட்டார் தனியே சொல்லச் சொன்ன நன்றி இது.

சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடித்துவிட்டு, அதே சேலையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தீர்களே அக்கா, அதை என்னவென்று சொல்வது? உங்களுக்கே கழுத்து வீங்கியிருந்தது. அன்றைக்கு உரிய கிலோ நிறையாவிட்டால் சம்பளம் குறையும் என்பதை ஆட்டோ அண்ணன் சொல்லித்தான் அறிந்தோம். 2024-இல் போராடி உயர்த்தியபோதுகூட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாகத்தான் ஆனது. அன்றைய சம்பளத்தில் பாதியை எங்கள் பிள்ளைகளுக்காக விட்டுவிட்டு, ஃபிளாஸ்க்கில் பிளேன்டீயோடு வந்தீர்கள். உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, ஒரு நக்கு, ஒரு மடக்கு என்று குடிக்க எங்கள் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். இப்போது வீட்டில் அவள் வேறு மாதிரி டீ குடிப்பதில்லை.

பேச்சுவாக்கில் மூத்த அக்கா கேட்டார்: "நீங்க இந்தியாவுல எந்தப் பக்கம்?" மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், அவருடைய தாத்தாவின் தம்பி குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறிப் போனதாம். அப்புறம் கடிதமே இல்லையாம். கேட்ட எங்களுக்குத் தொண்டை அடைத்தது. 1823-இல் கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியை நினைத்து, 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடந்தார்கள். படித்த செய்தி அது. உங்கள் முகத்தைப் பார்த்தபோதுதான் அது செய்தியாக இல்லாமல் போனது. அக்கா, நீங்கள் சொன்ன ஊர்ப்பெயரைக் குறித்து வைத்திருக்கிறோம். தாயகம் திரும்பியோர் குடியிருப்புகளில் விசாரிக்கத் தொடங்கிவிட்டோம்.

தங்கும் விடுதி அம்மாவை மறக்க முடியுமா! அவருக்குத் தமிழ் வராது, எங்களுக்குச் சிங்களம் வராது. நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த இரவில் மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டித் தன் அறையிலேயே தூங்க வைத்தார். விடிந்ததும் இலைக்கஞ்சி காய்ச்சி, கருப்பட்டித் துண்டோடு வார்டுக்கே அனுப்பினார். மேலும் தங்கிய இரவுகளுக்கு வாடகை வாங்க மறுத்துவிட்டார். கையெடுத்துக் கும்பிட்டோம், அவரும் கும்பிட்டார்.

எங்கள் ரயில் டிக்கெட்டுகள் வீணாகிப் போயிருந்தன. நானுஓயா நிலையத்தில் நிலைமையைக் கேட்டறிந்து வேறு ரயிலில் ஏற்றிவிட்ட அதிகாரிக்கும், பையனைப் பார்த்ததும் ஜன்னலோர இருக்கையைக் காலி செய்து கொடுத்த குருணாகல் குடும்பத்துக்கும் நன்றி. பட்டிப்பொலை நிலையம் தாண்டி, ரயில் பாதையின் உச்சியில் 6,226 அடி உயரம் என்று எழுதிய பலகையைக் காட்டி அவனைக் கைதட்ட வைத்தது அந்தக் குடும்பத்துச் சிறுமிதான். வடை சுற்றி வந்த பள்ளிக்கூட நோட்டுத் தாளில் இருந்த கணக்கை இருவரும் சேர்ந்து போட்டுக்கொண்டே எல்ல வந்துவிட்டது.

கடைசியாக, எங்கள் மாடிக்காரர்களுக்கு. செய்தி கேட்டதும் காப்பீட்டுக் காகிதங்களைத் தேடி எடுத்துப் படம் பிடித்து அனுப்பியதும், தாத்தா பாட்டிமார் பதறிவிடாமல் பக்குவமாகச் சொன்னதும் நீங்கள். எதிர்வீட்டுக்காரரே, மகன் வார்டில் இருக்கும்போதும் எங்கள் மகளின் கைவீக்கத்துக்கு மருந்து வாங்க மழையில் ஓடியது நீங்கள்தான். அதை நாங்கள் உங்களிடம் இதுவரை சொல்லவில்லை, இங்கே சொல்கிறோம்.

ஆட்டோ அண்ணன், பிள்ளைகள் வரைந்த படங்களும் புகைப்படங்களும் உங்கள் முகவரிக்குத் தபாலில் வருகின்றன. அக்காமார் குடியிருக்கும் லயத்தில் கொடுத்துவிடுங்கள். பையன் எழுதிய கடிதம் மூத்த அக்காவுக்கு. அதைப் பிரிக்காமல் அவர் கையில் சேர்த்துவிடுங்கள்.

நன்றியுடன்,
இரண்டு வீட்டாரும் பிள்ளைகளும்