அக்கா மகன் பேஸ் வாசிக்கிறான்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலிக்காக மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டதாக எழுதியிருந்தாய். நல்லது, அப்படியே இரு. மகளுக்கு ஓசூரிலேயே கல்லூரி கிடைத்த விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டுவிட்டு, "அவன் இன்னும் சாப்பிடுற தட்டுல தாளம் போடுறானா?" என்று கேட்டது. பதிலை நீயே சொல்லிக்கொள்.

எனக்கு விளக்குத்தூண் பக்கம் அதே ஜவுளிக்கடைக் கணக்கு வேலைதான். தீபாவளி முடிந்தால்தான் மூச்சு விட முடியும். சித்திரைப் பொருட்காட்சியில் நாம் ஆர்கெஸ்ட்ரா பார்த்த தமுக்கத்தில் இப்போது மாநாட்டு மையம் எழும்பி நிற்கிறது. நீ வந்தால் வழி கேட்பாய்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். இந்த வயதில் உனக்கு எதற்கடா ராக் கச்சேரி என்றாய். எல்லாம் அக்கா மகனால் வந்தது. கல்லூரியில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான், கூட்டாளிகளோடு ஒரு பேண்ட் வைத்திருக்கிறான். டிரம்ஸ் பையனும் கிட்டார் பையனும் உன்னைப் போலவே சர்ச்சில் வாசித்து வளர்ந்தவர்கள். பாடுகிறவனுக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். இன்னொருவன் பறை அடிக்கிறான். நான் செகண்ட் ஹேண்டில் கேமரா வாங்கியது தெரிந்ததும், "மாமா, நீங்களே வந்து எடுங்க" என்று பிடித்துக்கொண்டார்கள். காசு கேட்காத போட்டோகிராபரை யார் விடுவார்கள்? கல்லூரி விழா, அப்புறம் நாகமலை அடிவாரத்தில் ஒரு மைதானம் என்று அவர்கள் பின்னாலேயே திரிகிறேன்.

கல்யாண மண்டபத்தில் வீடியோக்காரர் வெள்ளை லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "சார், இங்க பாருங்க" என்பார், நாமும் பார்ப்போம். இங்கே யாரையும் பார்க்கச் சொல்ல முடியாது. விளக்கு கூட்டத்தின் கண்ணுக்காகப் போடப்படுகிறது, நமக்காக இல்லை. ஒரு வரி பாடி முடிப்பதற்குள் நீலம் சிவப்பாகி, சிவப்பு அணைந்து, ஷார்ப்பி என்கிற ஒற்றைக் கதிர் லைட் நேராக நம் லென்ஸுக்குள் பாயும். ஃப்ளாஷ் போடலாமே என்பாய். போட்டால் மேடையின் நிறமெல்லாம் செத்துவிடும், வாசிக்கிறவனுக்கும் கண் கூசும். வெளிநாட்டில் பல கச்சேரிகளில் போட்டோகிராபர்களுக்கு முதல் மூன்று பாட்டு வரைதான் அனுமதி, அதுவும் ஃப்ளாஷ் இல்லாமல். இங்கே அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. சவுக்குக் கட்டைத் தடுப்புக்கு முன்னால் நம்மை நிற்க வைத்துவிடுகிறார்கள், விடிய விடிய எடுக்கலாம். பின்னால் ஆடுகிற பிள்ளைகள் கட்டையோடு சேர்ந்து நம் முதுகில் சாய்வதைத் தாங்கினால் போதும்.

கேமராவோடு வந்த லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டினால் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (இந்த எண் குறையக் குறையத் துளை பெரிது). மலிவான லென்ஸ்களில் ஒன்று 50 மி.மீ. எஃப் 1.8. அது முதல் லென்ஸைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. அதை மாட்டி, வெளிச்சத்தை உணர்கிற அளவான ஐஎஸ்ஓவை 3200-ல் வைத்தால் நொடியில் 250-ல் ஒரு பங்கு வேகத்தில் எடுக்க முடிகிறது. பாடகன் குதிக்கிற ஆள் என்றால் 500-ல் ஒரு பங்கு வேண்டும். ஆட்டோவில் மட்டும் விடக்கூடாது. பின்னால் இருக்கிற இருட்டையும் கேமரா கணக்கில் சேர்த்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும், முகம் வெளுத்துப்போகும். முகத்தை மட்டும் அளந்து, மேனுவலில் வைத்துக்கொள்கிறேன். படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். வரட்டுமே.

பெரிய தலைவலி சிவப்பு விளக்கு. கேமராவுக்குள் படம் பதிகிற சென்சாரில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. எல்இடி பார் லைட்டில் வெறும் சிவப்பை மட்டும் போட்டால் முக்கால்வாசிப் புள்ளிகளுக்கு வேலை இல்லை. சிவப்பு நிரம்பி வழிந்து மூக்கு எது கன்னம் எது என்று தெரியாமல் போய்விடும். நேரில் பார்க்கிறவனுக்கு என்னவோ அருமையாகத்தான் இருக்கும்! வெளிச்சத்தை ஒரு படி குறைத்து, பிறகு திருத்த வசதியான ரா ஃபைலாக எடுத்து, தேறாததைக் கருப்பு வெள்ளை ஆக்கிவிடுகிறேன். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. லைட் போடுகிற அண்ணன் கோயில் திருவிழாக்களுக்கு சீரியல் செட் கட்டுகிறவர். சாயங்காலமே அவரோடு ஒரு டீ குடித்துப் பேசி வைத்தால், நடுவில் ஒன்றிரண்டு பாட்டுக்கு முன்பக்கமிருந்து கொஞ்சம் வெள்ளை கலந்து விடுவார். லேசர் வைத்திருந்தால் அது எந்தப் பக்கம் திரும்பும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். லேசர் கதிர் நேராக விழுந்தால் சென்சாரே பொசுங்கிவிடும்.

இதெல்லாம் கேமரா சமாச்சாரம், யாரும் கற்றுக்கொள்ளலாம். எனக்குச் சிக்கல் காதில்தான் இருக்கிறது மாப்ளே. அலங்காநல்லூரில் வருஷம் தவறாமல் ஜல்லிக்கட்டு எடுக்கிற பத்திரிகைக்காரர் ஒருவர் எங்கள் கடைக்கு வருவார். வாடிவாசலில் மாடு தெரிந்த பிறகு அழுத்தினால் வால்தான் கிடைக்கும் என்று அவர் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. டிரம்ஸ்காரன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குவது பல்லவி திரும்ப வருவதற்குச் சற்று முன்னால். சத்தம் நம் காதில் விழும்போது குச்சி ஏற்கெனவே கீழே வந்திருக்கும். அது எப்போது வரும் என்று பாட்டு தெரிந்தவனுக்குத்தான் தெரியும். ஆகவே கடையில் கணக்கு எழுதும்போதும் அவர்கள் பாட்டைத்தான் ஓட விடுகிறேன். முதலாளிக்குப் பிடிக்கவில்லை.

பாடகனைச் சுற்றித்தான் எல்லாரும் எடுக்கிறார்கள். எனக்கு அவன் முகம் அலுத்துவிட்டது. நேராக நின்றால் மைக் வாயை மறைக்கும், பக்கவாட்டில் போனால் கை மறைக்கும். கடைசி எழுத்தைப் பாடி முடித்து மைக்கை விட்டு விலகி மூச்சு இழுக்கிறான் பார், அந்த இடைவெளியில் எடுத்தால் உண்டு. கிட்டார் பையன் கடினமான இடம் வந்தால் விரல்களையே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பான். பேஸ் வாசிக்கிறவன் மட்டும் டிரம்ஸ் பக்கம் திரும்பி, யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்கிற நிம்மதியில் சிரித்துக்கொண்டிருப்பான். அக்கா மகன் என்பதால் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதனாலும்தான்.

ஹாஸ்டலில் உன் கட்டிலுக்கு மேலே தி கிளாஷ் ராக் பேண்டின் ஆல்பம் அட்டைப் படத்தை ஒட்டி வைத்திருந்தாய், ஒருவன் குனிந்து கிட்டாரைத் தரையில் ஓங்கி அடிப்பானே. அதுவும் பேஸ் கிட்டார்தான், அடிக்கிறவர் பால் சிமனன். 1979-ல் நியூயார்க் பல்லேடியம் அரங்கில் பென்னி ஸ்மித் எடுத்தது. சிமனன் தன் பக்கம் வருவதைப் பார்த்துப் பின்வாங்கிக்கொண்டே எடுத்திருக்கிறார். ஃபோகஸ் சரியில்லை, அட்டைக்கு வேண்டாம் என்று அந்த அம்மாவே சொல்லியும் பேண்டில் கேட்கவில்லை. எங்கள் பையன்கள் இதற்கு நேர்மாறு. தலைமுடி கலைந்திருந்தால் இன்ஸ்டாகிராமில் போட மாட்டேன் என்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்து புரோட்டாக் கடையில் உட்காரும்போதே "மாமா, போட்டோ?" என்று கை நீட்டுகிறார்கள். ஒரு விழாக்காரர்கள் என் படத்தைக் கேட்காமலே எடுத்து அடுத்த நிகழ்ச்சிக்கு ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார்கள், பேர் கீர் எதுவும் இல்லை. போகட்டும், படம் நன்றாக இருக்கிறது என்றுதானே அடித்தார்கள்.

எனக்குப் பிடித்த படம் மேடையில் எடுத்ததே இல்லை. பறை அடிக்கிற பையன் தோல் கட்டிய பறைதான் வைத்திருக்கிறான், பனி விழுந்தால் தோல் தொய்ந்துவிடும். அதனால் மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டிக்கு அந்தப் பக்கம் வைக்கோலும் பழைய பேப்பரும் போட்டுத் தீ மூட்டிக் காய்ச்சுவான். ஒரு தட்டு, காதை வைத்துக் கேட்பது, மறுபடி காட்டுவது. ஒரு நாள் அங்கேயே உட்கார்ந்து எடுத்தேன். மேடையில் நான் படாத பாடு படுகிற அந்த முக நிறம் அங்கே தானாக வந்து நிற்கிறது. எல்இடியில் இருப்பது தனித்தனியாக மூன்று நிறம், அதில் எதைப் போடுகிறார்களோ அதுதான். நெருப்பில் மஞ்சளும் சிவப்பும் தூக்கலாக இருந்தாலும் இடையில் எந்த நிறமும் விட்டுப்போவதில்லை. அவன் முகம், வியர்வை, பறையின் விளிம்பில் விரல் தேய்ந்த இடம் எல்லாம் படத்தில் இருக்கிறது. பெரிதாகப் பிரிண்ட் போட்டு அவன் அம்மாவிடம் கொடுத்தேன். அந்த அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது என்று சொன்னான்.

காது என்றதும் ஞாபகம் வந்தது. உனக்கு இடது காது மந்தம் என்று எழுதியிருந்தாயே, அது நீ வாசித்த காலத்து உபயமாகத்தான் இருக்கும், டாக்டரிடம் காட்டு. இப்படிப்பட்ட இடங்களில் சத்தம் சராசரியாக 100 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வரையறுத்திருக்கிறது. நம் மைக் செட் அண்ணன்மார் அதையெல்லாம் எங்கே பார்க்கிறார்கள்! நான் பஞ்சு அடைப்பானை மாட்டாமல் ஸ்பீக்கர் பக்கம் போவதில்லை. பையன்களுக்கும் வாங்கிக் கொடுத்தேன், டிரம்ஸ் பையன் மட்டும் போட்டுக்கொள்கிறான்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. பொங்கல் முடிந்து ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, அதற்குப் புதுப்பாட்டு ஒன்று போட்டிருக்கிறார்கள். ஏழு எண்ணிக்கையாம். மிஸ்ர நடை என்கிறான் அக்கா மகன். நாலாக எண்ணிப் பழகிய எனக்கு எங்கே விழுகிறது என்றே பிடிபடவில்லை, ஒவ்வொரு தடவையும் டிரம்ஸ்காரன் முந்திவிடுகிறான். பாட்டை ரெக்கார்டு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். எத்தனையாவது நிமிடம் எத்தனையாவது நொடியில் கையைத் தூக்குவான் என்று நீ கேட்டுக் குறித்து அனுப்பு. முடிந்தால் பொங்கலுக்குக் குடும்பத்தோடு கிளம்பி வா, பக்கத்தில் நின்று தோளில் தட்டு, நான் அழுத்துகிறேன். முழங்காலுக்கு நாற்காலி போட்டுத் தரச் சொல்கிறேன்.

வருவதாக இருந்தால் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, பொங்கல் நேரத்தில் பஸ்ஸில் இடம் கிடைக்காது.

உன்
பக்கத்து பெஞ்சுக்காரன்
மதுரை